காரின் அடிவயிறு

சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று வரும்வரை காருக்கு நெரிசலைத் தவிர வேறு கஷ்டம் இல்லை. திருநின்றவூரில் தார்ச்சாலையை விட்டு உள்தெருவுக்குத் திரும்பிய பிறகுதான் அதன் பாடு தொடங்குகிறது. பேரூராட்சியாக இருந்த ஊர் 2021இல் நகராட்சி ஆகிவிட்டது. வயலாகவும் தோப்பாகவும் கிடந்த இடங்களில் மனை பிரித்து, நகர் நகராக வீடுகள் எழும்பிவிட்டன. தெருவுக்குப் பெயர்ப்பலகை உண்டு, மின்கம்பம் உண்டு, வாசலில் கார்களும் உண்டு. சாலை மட்டும் பல இடங்களில் இன்னும் கிராவலும் அரைகுறை ஜல்லியுமாகத்தான் கிடக்கிறது. குழாய் பதிக்க வெட்டி மூடிய பள்ளம் ஒரு மழைக்கே உள்வாங்கிவிடும். வீடு கட்டச் சவுடு மண் ஏற்றி வரும் லாரிகளின் தடம் இருபுறமும் குழிந்து, நடுவில் முதுகெலும்புபோல ஒரு திட்டு நிற்கும். குடும்பத்தோடு வரும் சிறிய கார் அந்தத் திட்டின்மேல் போகும்போது கீழிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் எழும். உள்ளே பேச்சு ஒரு நொடி நிற்கும். "அடி தட்டிடுச்சு" என்பார் ஓட்டுகிறவர். வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பம்பரைச் சுற்றிவந்து பார்ப்பவர்கள் உண்டு. குனிந்து, டார்ச் அடித்து, அடியில் என்ன ஆயிற்று என்று பார்ப்பவர்கள் அபூர்வம். கதவில் ஒரு கீறல் விழுந்தால் தூக்கம் வராது. வண்டியின் உயிர்நாடிகள் ஓடும் அடிப்பாகமோ யார் கண்ணிலும் படாமல் அடிவாங்கிக்கொண்டிருக்கும்.

ஒர்க்‌ஷாப் லிஃப்டில் ஏற்றிய காருக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் அந்த உயிர்நாடிகள் வரிசையாகத் தெரியும். முன்பக்கம் ரேடியேட்டரின் அடி விளிம்பு. அதற்குப் பின்னால் எஞ்சின் எண்ணெய் தேங்கும் தொட்டி. மெக்கானிக்குகள் அதைச் சேம்பர் என்பார்கள். பக்கத்திலேயே கியர்பாக்ஸ். அதிலிருந்து முன் சக்கரங்களுக்கு ஓடும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்கள், அவற்றின் முனைகளில் மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர் உறைகள். நடுவில் நீளவாக்கில் சைலன்சர் குழாய். ஓரமாகப் பென்சிலைவிட மெல்லியதாகச் சில குழாய்கள் ஓடும். அவற்றில் பெட்ரோலும் பிரேக் எண்ணெயும் போகின்றன. பின் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் டேங்க். இவை எல்லாவற்றுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது ஒரு சாண் காற்றுகூட இல்லை.

அந்த இடைவெளியைத்தான் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்கிறோம். நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றுக்கு இது 160 முதல் 170 மி.மீ. வரை. மஹிந்திரா தாருக்கு 226 மி.மீ. இந்த அளவு ஒரு காலத்தில் வரிக் கணக்கையே தீர்மானித்தது. 2013 மத்திய பட்ஜெட்டில் எஸ்.யு.வி. வகைக் கார்களுக்கான கலால் வரி 27 சதவீதத்திலிருந்து 30 ஆக உயர்ந்தபோது, எது எஸ்.யு.வி. என்று சொல்ல மூன்று அளவுகோல்கள் வைக்கப்பட்டன. நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 சி.சி.க்கு மேல், தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கும் கூடுதல். ஜி.எஸ்.டி. வந்த பிறகும் இந்த 170 தொடர்ந்தது. ஆனால் எப்போது அளப்பது, வண்டி காலியாக இருக்கும்போதா, ஆள் ஏறிய பிறகா? 2023 ஜூலையில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், சுமை ஏற்றாத நிலையில் அளந்ததே கணக்கு என்று தெளிவுபடுத்தியது. ஒரு காரின் அடியில் உள்ள இடைவெளி நிலையான எண் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

எவ்வளவு மாறும்? கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய கார் ஒன்றின் ஒவ்வொரு சக்கரத்து ஸ்பிரிங்கும் 2 கிலோ எடைக்கு 1 மி.மீ. அமுங்குவதாக வைத்துக்கொள்வோம். நிஜத்துக்கு நெருக்கமான கணக்குதான். ஐந்து பேரும் திருப்பதி போய்வந்த மூட்டைகளுமாக 350 கிலோ ஏறினால், நான்கு ஸ்பிரிங்குகளும் பங்குபோட்டு ஏறத்தாழ 44 மி.மீ. இறங்கும். 165 இருந்தது 121 ஆகிவிட்டது. இனி, பள்ளத்தைக் கடைசி நொடியில் பார்த்து ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. ஒரு டன் எடையுள்ள காரில் பலமான பிரேக் ஒன்று நூற்றுச் சொச்சம் கிலோவைப் பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்கு மாற்றிவிடும். முன்னிரண்டு ஸ்பிரிங்குகள் மட்டும் அதைத் தாங்கியாக வேண்டும் என்பதால் மூக்கு இன்னும் 3 செ.மீ. அளவுக்குத் தாழும். விளம்பரத்தில் 165 என்று படித்து வாங்கிய காரின் சேம்பருக்கடியில், சரியாகப் பள்ளத்தின் விளிம்பில், மிஞ்சியிருப்பது 9 செ.மீ. மட்டுமே.

அனுபவப்பட்ட டாக்ஸி ஓட்டுநர்கள் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. ஆனாலும் அவர்கள் கால் அதை அறியும். மேட்டுக்கு ஒரு வண்டி நீளம் முன்பே வேகத்தைக் கொன்றுவிட்டு, சக்கரம் ஏறும் கணத்தில் பிரேக்கை விட்டுவிடுவார்கள். அமுங்கியிருந்த மூக்கு அந்த ஒரு கணத்தில் எழும்பிக்கொள்ளும். காசு செலவில்லாமல் கிடைக்கும் மூன்று சென்டிமீட்டர் அது. கடையில் விற்கும் எந்தக் கவசத்தையும்விட உருப்படியான பாதுகாப்பு.

வேகத்தடைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி ஐ.ஆர்.சி. 99, வளைவான வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்கிறது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்க ஏற்ற வடிவம் அது. அகலம் எதற்கு என்றால், 2.45 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள கார் முழுவதும் அந்த வளைவின்மேலேயே ஏறி நிற்க இடம் வேண்டும். அப்படி நிற்கும்போது இரு சக்கரங்களுக்கு நடுவே வளைவு எழும்புவது வெறும் 4.4 செ.மீ. சுமையோடு பிரேக் அடித்துத் தாழ்ந்த காரின் 9 செ.மீ.கூட அதற்குப் போதும். தெருவாசிகளே ஒரு மாலையில் சிமெண்டைக் குழைத்துப் போடும் தடையோ ஒன்றரை அடி அகலத்தில், சில சமயம் அதே 10, 15 செ.மீ. உயரத்தில் சுவர்போல எழும்பியிருக்கும். முன் சக்கரம் இறங்கிவிட்டது, பின் சக்கரம் இன்னும் ஏறவில்லை. அந்த இடைப்பட்ட நேரத்தில் முழு உயரமும் வயிற்றில் இடிக்கிறது. குழந்தைகள் விளையாடும் தெருவில் வேகத்தைக் குறைக்க நினைப்பதில் தப்பே இல்லை. அதைச் சரியான அகலத்தில் போட்டுத் தரவேண்டிய பொறுப்பு உள்ளாட்சிக்கு உண்டு. வரி கட்டுகிறவர்கள் கேட்டுப் பெற வேண்டிய சங்கதி இது.

அப்படிப்பட்ட தடையைக் குறுக்காக, கோணமாகக் கடப்பவர்களைப் பார்த்திருக்கலாம். அதற்கும் வடிவியல் காரணம் இருக்கிறது. நேராகப் போனால் இரண்டு முன் சக்கரங்கள் ஒன்றாக இறங்கி, பின் சக்கரங்கள் ஏறும்வரை 2.45 மீட்டர் தூரம் வயிறு தனியாகத் தடைக்குமேல் தொங்கும். 45 பாகைச் சாய்வில் போனால் நான்கு சக்கரங்களும் ஒவ்வொன்றாகத் தடையில் ஏறும். ஒன்று இறங்கி அடுத்தது ஏறும் தூரம் சுமார் 1 மீட்டராகச் சுருங்கிவிடும். தடையைக் கடக்கும் நேரத்தில் பெரும்பாலும் ஏதோ ஒரு சக்கரம் அதன்மேல் நின்று வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். லாரித்தடம் விழுந்த தெருவில் விதி வேறு. இரண்டு குழிகளிலும் சக்கரத்தை இறக்கினால் நடுத்திட்டு வயிற்றைக் கிழிக்கும். ஒரு பக்கச் சக்கரத்தை நடுத்திட்டின்மேலும் மறு பக்கத்தை ஓர மேட்டிலும் ஏற்றிக்கொண்டு போனால் குழி வயிற்றுக்கடியில் வந்துவிடும்; இடைவெளி கூடிவிடும்.

கட்டை வண்டிகள் ஓடிய காலத்தில் இதே மண்ணில் இந்தக் கவலை இருந்ததில்லை. நாலடி ஐந்தடி விட்டமுள்ள சக்கரம், அதன் நடுவில் அச்சு, அச்சுக்குமேல் பாரம். தரைக்கும் அச்சுக்கும் ஏறத்தாழ இரண்டடி இடைவெளி. சேறு எவ்வளவு இருந்தாலும் அச்சைத் தொடுவதற்குள் மாடு நின்றுவிடும். காரின் சக்கரமோ முழுதாகவே இரண்டடி விட்டம்தான். கொஞ்சம் பெரிய டயர் போட்டு உயர்த்தலாம் என்று பலர் முயல்கிறார்கள். விட்டத்தில் 2 செ.மீ. கூட்டினால் இடைவெளியில் கூடுவது அதில் பாதி, 1 செ.மீ. மட்டுமே. ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் வைத்து உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறி, அதன் மூட்டுகள் சீக்கிரம் தேயும். வளைவில் வண்டி அதிகம் சாயும். தேவை உயரமான வண்டிதான் என்றால் அப்படிப்பட்ட வண்டியை வாங்குவதே மேல்.

கிராவல் சாலையில் இன்னொரு தொல்லை, சலவைப் பலகைபோல அலை அலையாக எழும்பும் மண். ரோலர் போட்டுச் சமப்படுத்திய சாலைகூடச் சில வாரங்களில் அப்படி ஆகிவிடும். கீத் மேதர் என்ற இயற்பியலாளர் 1963லேயே இதைச் சோதித்து எழுதினார். 2007இல் டேபர்லெட், மாரிஸ், மெக்எல்வெய்ன் என்ற மூவர், சுழலும் வட்ட மேசையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டார்கள், மணலை மாற்றினார்கள், அப்போதும் அலைகள் வந்தன. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் மட்டும் வரவில்லை. நிஜச் சாலையில் அது மனிதர் நடப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகம், யாரும் கார் ஓட்டாத வேகம். ஆக, மண் சாலையில் கார் ஓடும்வரை அலைகள் இருக்கும். அவற்றின் அதிர்வு சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர்களையும் வெப்பத் தகடுகளின் போல்ட்டுகளையும் மெல்ல மெல்லத் தளர்த்தும். மண் சாலையில் தினமும் போகிற காரின் அடியில் 'கிலுகிலு' என்று தகரச் சத்தம் கேட்க ஆரம்பித்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இனி, கல்லில் மோதியே விட்டால் என்ன ஆகும்?

சேம்பர் இரண்டு வகை உலோகத்தில் வருகிறது. அச்சில் அழுத்தி எடுத்த இரும்புத் தகடாக இருந்தால் நசுங்கும். வார்ப்பு அலுமினியமாக இருந்தால் விரிசல் விடும். விரிசல் விட்டால் எண்ணெய் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும், வழியில் கோடு போட்டுக்கொண்டே வரும். நசுங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. "சேம்பர் லேசா உள்ள போயிருக்கு சார், ஒழுகல" என்று மெக்கானிக் சொல்லும்போது நிம்மதி அடைந்துவிடக் கூடாது. எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்பும் குழாயின் வாய், சல்லடையோடு, தொட்டியின் அடித்தளத்திலிருந்து சில மி.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. அடித்தளம் அந்த அளவுக்கு உள்ளே வந்துவிட்டால் வாய் அடைபட்டு, தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சினுக்குப் போதிய எண்ணெய் போகாது. சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் அடுத்த தெருவரை ஓட்டிப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். எண்ணெய் இல்லாத எஞ்சின் பேரிங்குகள் கெட்டுப்போக நிமிடக் கணக்கே போதும்.

இதற்குத்தான் எஞ்சின் கார்டு என்று விற்கும் தகடு. திருநின்றவூரிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது. டாங்கியின் வயிறே கவசமாக இருக்கும். காரில் அப்படிச் செய்ய முடியாது, எடை ஒத்துவராது. 60 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு 7 கிலோ இருக்கும். அலுமினியத்தை அதைப்போல் இரு மடங்கு கனத்தில் போட்டாலும் 5 கிலோவுக்குள் அடங்கிவிடும், துருவும் பிடிக்காது, விலைதான் கூடுதல். தகடு எதில் என்பதைவிட முக்கியம் அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பது. மோதலின் விசை எஞ்சினைத் தாங்கும் சப்-ஃபிரேமுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் போய்ச் சேர வேண்டும். மெல்லிய தகரத்திலோ, சேம்பரைத் தொட்டுக்கொண்டோ மாட்டினால், கல்லின் அடியைத் தகடு அப்படியே சேம்பருக்குக் கொடுத்துவிடும். முன்முனை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் கல்லில் முட்டி நிற்காமல் வழுக்கி ஏறும். எண்ணெய் மாற்ற ஒரு துளை, வெப்பம் வெளியேற வழி, சேறு தேங்காமல் விழ வழி, இவை எல்லாம் இருக்க வேண்டும். அந்தக் கார் மாடலுக்கென்றே செய்த தகடாகவும் இருக்க வேண்டும். நேருக்கு நேர் மோதலில் எந்தச் சட்டம் எப்படி மடங்கி விசையை வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வண்டியை வடிவமைக்கிறார்கள். பட்டறையில் வெட்டி வெல்டிங் வைத்த கனத்த தகடு அந்தக் கணக்கைக் குலைத்துவிடலாம்.

மின்சாரக் கார்களில் இந்தப் பிரச்சினையின் பரிமாணமே வேறு. மின்கலம் முழுவதும் தரைக்கு மேலே, பயணிகளின் காலடியில் பரந்து கிடக்கிறது. 2013 அக்டோபரில் அமெரிக்காவின் சியாட்டில் அருகே டெஸ்லா மாடல் எஸ் கார் ஒன்று சாலையில் கிடந்த இரும்புத் துண்டின்மேல் ஏறியது. துண்டு மின்கலத்தைத் துளைத்தது, கார் தீப்பிடித்தது. அடுத்த மாதமே டென்னசியில் இதேபோல் இன்னொன்று. இரு கார்களின் ஓட்டுநர்களும் உயிர் தப்பினார்கள். அந்தக் காரின் மின்கலத்துக்கு அடியில் அப்போதே கால் அங்குல அலுமினியக் கவசம் இருந்தது. அது போதாதென்று 2014 மார்ச்சில் மூன்று அடுக்காகப் பாதுகாப்பைச் சேர்த்தார்கள். முதலில் உருண்டையான அலுமினியக் குழல். பொருளைத் தட்டிவிட அல்லது மேலே தள்ள. அதற்குப் பின் டைட்டானியத் தகடு. மூன்றாவது, சற்றே சாய்ந்த அலுமினியக் கட்டை. அசையாத பொருளாக இருந்தால் காரையே அதன்மேல் ஏற்றிக் கடத்திவிட. மோதலை முழு வலுவோடு எதிர்த்து நிற்பதைவிட வழுக்கிப் போகச் செய்வது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

அதே பாடத்தை இன்னொரு விதத்தில் கற்ற நிறுவனத்தின் கார்கள் இன்று திருநின்றவூரிலிருந்து மேற்கே, திருவள்ளூரில் தயாராகின்றன. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998இல் மிட்சுபிஷி லான்சர் செய்யத் தொடங்கிய ஆலை அது. 2021 முதல் அங்கிருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன. 1930களில் பிரெஞ்சுக் கிராமத்து விவசாயிகளுக்காகச் சிட்ரோயன் ஒரு காரைத் திட்டமிட்டபோது கேட்ட நிபந்தனை பிரபலமானது: கூடை நிறைய முட்டையோடு உழுத வயலைக் கடக்க வேண்டும், ஒன்றுகூட உடையக் கூடாது. 1948இல் டூ சிவி என்ற பெயரில் வெளிவந்த அந்தக் கார் இரும்பைத் தடிப்பாக்கி அந்த நிபந்தனையை நிறைவேற்றவில்லை. மிக நீளமாக ஏறி இறங்கும் மென்மையான ஸ்பிரிங்குகள் அதைச் செய்தன. இன்றைய சி5 ஏர்கிராஸில் ஷாக் அப்சார்பரின் இரு முனைகளிலும் எண்ணெய் மெத்தைகள் இருக்கின்றன. ஸ்பிரிங் முழுக்க அமுங்கி 'டம்' என்று முட்டுவதைத் தடுக்கும் ஏற்பாடு. வயிறு தரையைத் தொடுவது பெரும்பாலும் அந்த 'டம்' நேரும் கணத்தில்தான். ஷாக் அப்சார்பர் வடிந்துபோன பழைய காருக்குத் தகடு மாட்டச் செலவழிப்பவர்கள், முதலில் ஷாக் அப்சார்பரை மாற்றினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இவ்வளவும் கல்லைப் பற்றி. ஆனால் காரின் அடிப்பாகத்தைக் கொல்வது கல்லைவிட அதிகமாகச் சேறுதான். சத்தமில்லாமல் கொல்வதால் யாரும் அஞ்சுவதில்லை.

கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் 1920களில் செய்த சோதனை ஒன்று இதை அழகாகக் காட்டும். இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் செய்கிறார்கள். சுத்தமாகத் தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரை வைக்கிறார்கள். அதில் இரண்டு நிறங்காட்டிகள் கலந்திருக்கும். இரும்பு கரைந்தால் நீலம் காட்டும் ஒன்று, காரம் உருவானால் இளஞ்சிவப்புக் காட்டும் மற்றொன்று. சிறிது நேரத்தில் சொட்டின் நடுவில் நீலமும், ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையமும் தோன்றும். ஆக்சிஜன் அதிகம் கிடைப்பது சொட்டின் ஓரத்துக்கு. துருவுக்கு ஆக்சிஜன் தேவை என்று படித்தவர்கள் ஓரம்தான் அரிக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். அரிப்பதோ நடுப்பகுதி. ஆக்சிஜன் குறைந்த நடுவில் இரும்பு கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது. அவை தகட்டின் வழியே ஓரத்துக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனோடு சேர்கின்றன. ஒரு சொட்டுக்குள்ளேயே ஒரு பேட்டரி.

சக்கர வளைவின் உள்மடிப்பில் அப்பிய சேற்றை இப்போது நினைத்துப் பார்க்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகள் அதிகம். அச்சில் இட்டால் வடிவம் கலையாமல் நிற்கும் நைசான களிமண் இங்கே கிடைப்பதே காரணம். அந்த மண்ணின் நுண்துகள்கள் தண்ணீரை எளிதில் விடுவதில்லை. தெரு காய்ந்து புழுதி பறக்கும் நாளிலும், இரண்டு தகடுகள் சேரும் மடிப்புக்குள் போன மண் உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும். அதற்கு அடியில் ஆக்சிஜன் குறைவு, வெளி விளிம்பில் அதிகம். எவன்ஸின் சொட்டு அங்கே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. ஈரத் துணியைக் காயத்தில் கட்டியதுபோல. வயல்வழிப் பாதையாக இருந்தால் பொட்டாஷ் உரத்தின் குளோரைடும் சேர்ந்துகொள்ளும். உப்பு கூடினால் மின்னோட்டமும் கூடும்.

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பின் துரு வேகமெடுக்கிறது என்று 1930களில் வெர்னன் கண்டறிந்தார். சென்னையின் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காலை ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். கடலோரத்தில் இதோடு உப்புக் காற்றும் சேரும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாடு முழுவதும் இரும்புத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் வைத்துச் சோதித்து, எந்த ஊரில் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று வரைபடமே தயாரித்திருக்கிறது. எண்ணூரில் நிற்கும் காருக்கும் திருநின்றவூரில் நிற்கும் காருக்கும் எதிரி ஒன்றல்ல. அங்கே காற்று, இங்கே சேறு.

தொழிற்சாலையில் கார்கள் வெறும் இரும்போடு வெளியே வருவதில்லை. கூட்டை அப்படியே வண்ணத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலைமுடுக்கெல்லாம் ஒரு படலத்தைப் படிய வைக்கிறார்கள். அதன் கனம் 20 மைக்ரான் அளவு, தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. பல கார்களில் அதற்கும் அடியில் துத்தநாகப் பூச்சு உண்டு. 1975இல் போர்ஷே, 1980களின் நடுவில் ஆடி என்று தொடங்கிய வழக்கம் அது. துத்தநாகத்தின் சிறப்பு, கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முன்னால் தான் கரைந்து இரும்பைக் காப்பது. இவற்றின்மேல், கல் தெறிக்கும் இடங்களில், ரப்பர்போல மென்மையான பி.வி.சி. பூச்சு. டயர் எறியும் ஜல்லி கடினமான பெயிண்டைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும்; மென்மையான பூச்சில் பட்டால் அமுங்கி எழும்.

கடைகளில் ஆண்ட்டி ரஸ்ட் கோட்டிங் என்று அடித்துக் கொடுப்பதும் இந்த வேலையைச் செய்யத்தான். புதுக் காரில், சுத்தமான அடியில், விஷயம் தெரிந்தவர் அடித்தால் பலன் உண்டு. பழைய காரில் சேற்றையும் துருவையும் சுரண்டாமல் அதன்மேலேயே கறுப்புத் தாரை அடிப்பது, திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டுவது. ஓரிரு வருடத்தில் தார் காய்ந்து வெடிக்கும். வெடிப்பின் வழியே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளே வேலை பார்க்கும். மேலே பளபளவென்று கறுப்பாக இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் தகடு பிஸ்கட்போல உடையும். இதைவிட மோசம், தண்ணீர் வடிவதற்கென்று கதவின் அடியிலும் பக்கச் சட்டத்திலும் கம்பெனி விட்டிருக்கும் சிறு துளைகளையும் சேர்த்துப் பூசிவிடுவது. அவை அடைபட்டால் துரு உள்ளிருந்து வெளியே வரும்.

பிரேக் குழாய்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அரை செ.மீ.கூடக் கனமில்லாத அந்த இரும்புக் குழாய்க்குள், பலமாகப் பிரேக் அடிக்கும்போது காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் நிற்கிறது. குழாயை வண்டியோடு பிடித்திருக்கும் கிளிப்புகளில்தான் சேறு தங்கும். துருவும் அங்கேதான் தொடங்கும். டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. முள்ளோ கல்லோ கிழித்துவிட்டால் உள்ளிருக்கும் கிரீஸ் சிதறி, சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பாக விசிறியடித்திருக்கும். அந்தக் கட்டத்தில் பார்த்துவிட்டால் உறையை மட்டும் மாற்றினால் போதும். விட்டுவிட்டால் மணல் புகுந்து கிரீஸைத் தேய்ப்புப் பொடியாக்கும். வண்டி திரும்பும்போது 'டக் டக் டக்' என்று கேட்க ஆரம்பித்தபின் மூட்டையே மாற்ற வேண்டிவரும்.

அறுவடைக் காலத்தில் இன்னொரு ஆபத்து. களம் இல்லாத ஊர்களில் சாலையே களம் என்பதால் வைக்கோலும் கொள்ளுச் செடியும் பரப்பிக் கிடக்கும். கார் அதன்மேல் போனால் சுருள் சுருளாக அச்சிலும் சைலன்சரிலும் சுற்றிக்கொள்ளும். ஓடும் காரின் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கிறது. காய்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ள அது தாராளம். கடந்து வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, குனிந்து, கையில் ஒரு குச்சியோடு இழுத்துப்போட்டுவிடுவது நல்லது. எஞ்சின் கார்டு மாட்டிய வண்டிக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் தகட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே போன வைக்கோல் தானாகக் கீழே விழாது.

கழுவுவதிலும் ஒரு முறை இருக்கிறது. வாட்டர் வாஷ் கடைகளில் மேலே நுரை போட்டு மினுக்குவதில் காட்டும் அக்கறையை அடியில் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். சேறு காய்ந்து கல்லாகும் முன், மழை நாளுக்கு அடுத்த நாளே கழுவினால் குழாய் தண்ணீரே போதும். அதிவேகப் பீச்சுக்குழலை ரப்பர் உறைகளுக்கும் மின் இணைப்புகளுக்கும் மிக நெருக்கமாகப் பிடிக்கக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவில், கடைசி ஒரு வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். கழுவியதும் மூடிய ஷெட்டில் விடாமல் கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைக்க வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னும் தை பிறந்த பின்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அரை மணி நேரம் ஒதுக்கினால் மீதி வேலையும் ஆகிவிடும். பழைய பாயை விரித்து, வாசலில் படுத்து, டார்ச்சோடு பார்த்தால் கதவுகளின் அடி விளிம்பில் அந்த வடிதுளைகள் தெரியும், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகமளவு. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்ற வேண்டும். முதலில் கொஞ்சம் மண் உதிரும். பிறகு, போன மழையில் உள்ளே போய் வழியில்லாமல் நின்றிருந்த தண்ணீர், தேநீர் நிறத்தில், சொட்டுச் சொட்டாகப் பாயில் விழத் தொடங்கும்.